பழைய கல்யாண மண்டபத்தில் மூன்றாம் கட்டில்

ஜனவரி 19, திங்கள்

நகைக்கடைக்காரன் வருஷா வருஷம் கொடுக்கிற டைரியில் இதுவரை மளிகைச் சாமான் லிஸ்ட் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. இந்த வருஷம் எழுதப்போகிறேன். யாரிடமும் சொல்லக்கூடாத விஷயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அடுத்தவர் ரகசியம் என்றால் வயிற்றில் வைத்துக்கொள்வேன், ஒரு வாரமாவது. சொந்த ரகசியம் மூன்றே நாளில் தொண்டைவரை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். என் கிட்னி இரண்டும் வேலையை விட்டுவிட்டன. எனக்கு வயது ஐம்பத்து மூன்று, அவற்றுக்கும் அதேதான், ஆனால் எனக்கு முன்னால் ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டன. இருபத்தாறு வருஷமாகக் கல்யாணத் தரகு செய்கிறேன். ஊர் ஊராகப் படியேறி மூட்டுவலி வந்தது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரையும், 'அது பாட்டுக்கு இருக்கட்டும்' என்று விட்ட பிரஷரும் சேர்ந்து காரியத்தை முடித்துவிட்டன. தரகர் இல்லாமல் நடந்த சம்பந்தம்.

"இனிமே தள்ளிப்போட முடியாதும்மா. எங்க டயாலிசிஸ் பண்ணிக்கிடப் போறீங்கன்னு இந்த வாரத்துக்குள்ள முடிவு பண்ணுங்க" என்றார் திருநெல்வேலி டாக்டர். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ஆயுசுக்கும்.

'ஆயுசுக்கும்' என்பதை நான் எத்தனையோ கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். நமக்குச் சொல்லும்போது வேறு மாதிரி கேட்கிறது.

இடது கையில் நவம்பர் மாதமே, பின்னால் தேவைப்பட்டால் ஊசி போட என்று, சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் புர்ர் என்கிறது. கைக்குள் பூனை வளர்க்கிற மாதிரி இருக்கிறது. அதை மறைக்க முழுக்கை ஜாக்கெட் தைத்துக்கொண்டேன். எதிர்த்த வீட்டு ராஜாமணி அதைப் பார்த்துவிட்டு, இதுதான் புது பேஷன் போலிருக்கிறது என்று தானும் இரண்டு தைக்கக் கொடுத்திருக்கிறாள். பாவம், இந்த வெயிலில்.

பயமெல்லாம் இல்லை. கையெழுத்து கோணலாக இருப்பது பேனா சரியில்லாததால்.

ஜனவரி 21, புதன்

மூன்று வரன் வந்திருக்கிறது. எனக்குத்தான்.

மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் விசாரிக்கிறவன் மடையன். எதிர்த்த டீக்கடையில் கேட்கணும், துணி தேய்க்கிறவரிடம் கேட்கணும். அந்த முறையிலேயே விசாரித்தேன்.

முதல் வரன் திருநெல்வேலி ஆஸ்பத்திரி. டாக்டர் கெட்டிக்காரர், ஏசி, ஆளுக்கொரு டிவி. வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் கேட்டேன். "உள்ள போறவங்க எல்லாரும் வெளிய நடந்துதான் வாராவ" என்றாள். இதைவிட நல்ல சான்றிதழ் ஏது? குறை ஒன்றே ஒன்று. ஐம்பத்தைந்து கிலோமீட்டர்.

இரண்டாவது வரன் வீட்டோடு மாப்பிள்ளை. வயிற்றில் ஒரு குழாய் வைத்துவிடுவார்களாம், நாமே வீட்டில் தினம் நாலு தடவை மருந்துத் தண்ணீரை விட்டு எடுக்க வேண்டும். தூசியில்லாத தனி அறை வேண்டும், யாரும் உள்ளே வரக்கூடாது. என் வீட்டில் குளிக்கும்போதே கதவுக்கு வெளியே நின்று ஜாதகம் கேட்கிறார்கள். இந்த வரன் கழிந்தது.

மூன்றாவது எங்கள் ஊரிலேயே. பஜாரில் பழைய கல்யாண மண்டபம் ஒன்று இருந்தது. புது ஏசி மண்டபங்கள் வந்ததும் அதைச் சீந்த ஆளில்லை. நாலு வருஷம் முன்னால் வியாபாரிகள் சங்கம் அதை வாங்கி டயாலிசிஸ் மையம் ஆக்கிவிட்டது. பந்தி நடந்த இடத்தில் ஆறு கட்டில், ஆறு மிஷின். அந்த மண்டபத்தில் மட்டும் நாற்பத்தொரு கல்யாணம் நான் முடித்துவைத்திருக்கிறேன். வீட்டிலிருந்து எழுநூறு எட்டு வைத்தால் போதும். டாக்டரும் நல்ல டாக்டர். நம் இன்சூரன்ஸ் அட்டை அங்கேயும் செல்லும்.

ஆனால் பஜார் பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். காய் வாங்குகிறவன், பஸ்ஸுக்கு நிற்கிறவன் எல்லாரும் உள்ளே படுத்திருப்பவனைப் பார்க்கலாம். நானும் இன்று அப்படித்தான் பார்த்தேன். நாலாம் கட்டிலில் சோடாக் கம்பெனி செல்லப்பா படுத்திருந்தார். வெயிலில் கண் கூசியது. அதனால் உடனே திரும்பி வந்துவிட்டேன்.

மாலையில் மதினி வந்தாள். என் வீட்டுக்காரரின் அக்கா பிச்சம்மாள். எங்கள் குடும்பத்துக்கு மந்திரி, நீதிபதி, சில நாளில் போலீஸும் அவள்தான்.

"ஏளா வடிவு, இந்த ஊருக்குள்ள மட்டும் படுத்திராத. உனக்கு இப்படின்னு தெரிஞ்சா ஆவுடைய எவன் கட்டுவான்? அம்மைக்கு வந்தது மவளுக்கும் வரும்னுதான் பேசுவானுவ."

"மாத்திரையால வந்தது மதினி. இது பரம்பரை இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டரு சொல்லுவாரு. பொண்ணு கேட்டு டாக்டரா வரப்போறாரு?"

ஆவுடை என் ஒரே மகள். இருபத்தேழு வயது, ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சர். ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை பார்த்தவள் வீட்டில் இன்னும் கொட்டு மேளம் இல்லை என்று ஊரே பேசுகிறது. இப்போதுதான் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம். பையன் பெயர் கைலாஷ். போனில் அவனிடம் பேசும்போது இவள் சிரிக்கிற சிரிப்பு அடுப்படிவரை கேட்கிறது. என்னிடம் இப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது.

மதினியைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தச் சட்டத்தை இந்த ஊரில் எழுதி வைத்தவளே நான்தான்.

திருநெல்வேலி என்று முடிவாயிற்று. செவ்வாய், வியாழன், சனி.

ஜனவரி 24, சனி

முதல் நாள். விடியுமுன் பஸ். ஊரில் கேட்கிறவர்களுக்கு 'திருநெல்வேலியில் கிளை ஆபீஸ் திறக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறேன்.

ஊசி இரண்டும் தடிமன்தான். குத்தும்போது பக்கத்துக் கட்டில்காரர் "கண்ணை மூடிக்கோங்கம்மா" என்றார். மூடினேன். நாலு மணி நேரம் டிவியில் ஒரு மாமியார் மருமகளைத் துரத்தினாள். இதில் ஜோடி சேர்த்துவைத்த தரகர் யாரோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் ரத்தம் முழுக்க வெளியே போய், சலித்து, திரும்ப வருகிறது. இருபத்தாறு வருஷம் நான் குடும்பங்களைச் சலித்தேன். இப்போது என் முறை.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. நாலு ஊர் நின்றுகொண்டு வந்தேன். கம்பியைப் பிடிக்க வலது கை மட்டும்.

ஜனவரி 29, வியாழன்

காலை நாலரைக்கு எழுந்தேன். சாயங்காலம் ஆறரைக்கு வந்து விழுந்தேன். நடுவில் உள்ளதை எழுதத் தெம்பில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

இன்று ஒரு சம்பந்தத்தைக் கொன்றேன். ஆயுதம், ஒரு டம்ளர் காப்பி.

ஒரு நாளைக்குத் தண்ணீர், காப்பி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து எண்ணூறு மில்லிதான் எனக்கு. ஆவுடை ஸ்கூல் லேபிலிருந்து ஒரு அளவு ஜாடி வாங்கி வந்து காலையிலேயே அளந்து வைத்துவிடுகிறாள். என்னைப் போன்ற ஆளுக்கு எண்ணூறு மில்லி என்றால் சும்மாவா? போகிற வீட்டில் எல்லாம் காப்பி குடித்தே வளர்ந்த உடம்பு இது.

மேட்டுத் தெரு வீட்டில் பெண்ணின் ஜாதகம் வாங்கப் போனேன். மாப்பிள்ளை வீட்டுக்கு முழு இஷ்டம், அதைச் சொல்லத்தான் போனேன். காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். கணக்கு மத்தியானமே தீர்ந்துவிட்டது. "இப்பதான் குடிச்சேன்" என்றேன். மோர் வந்தது. "வேண்டாம்" என்றேன். தண்ணீர் வந்தது. டம்ளரைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் வேண்டாம் என்றால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் கை நனைக்காமல் எழுந்து வருவார்கள். அவ்வளவுதான், புரிந்துகொள்ள வேண்டும். நான் தெரு முனை தாண்டுவதற்குள் பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். "உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா நேரா சொல்லியிருக்கலாமே, தரகரம்மாவை அனுப்பித் தண்ணியக்கூடக் குடிக்காம வரச் சொன்னது நல்லாவா இருக்கு?" அவர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்தது.

உண்மைக் காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் ஒட்டியிருக்கும். சொல்ல முடியாதே.

பிப்ரவரி 5, வியாழன்

பஸ் பஞ்சர். மிஷினில் அரை மணி குறைத்துக்கொண்டேன், கடைசி வண்டியைப் பிடிக்க. டாக்டருக்குக் கோபம்.

என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தின் மேல் பேச ஆளில்லாமல் பழகி, கீழே இறங்கியும் பேசுவதில்லை. ஒரு நாளைக்கு எட்டு வார்த்தை. அதில் ஆறு 'சரி'. இப்போது புதுசாகத் தினம் காலையில் வாக்கிங் போகிறார். ஒன்றரை மணி நேரம். திரும்பி வரும்போது சட்டையில் டெட்டால் வாசனை.

"யாரைப் பார்க்கப் போறீங்க?" என்றேன்.

"சும்மா."

இந்த வயதில் இவரை யார் பார்ப்பாள்? பார்த்தாலும் டெட்டால் போட்டுக் கழுவியா பார்ப்பாள்? விசாரிக்க வேண்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அம்பாசமுத்திரம் போய் மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வந்தோம். வீடு அருமை. முற்றம் பெரிசு. கைலாஷின் அம்மா பகவதி நல்ல மாதிரி, வாய் நிறையப் பேசுகிறாள், ஆனால் கண் மட்டும் என் டம்ளரிலேயே இருந்தது. மேட்டுத் தெருக் கதை அம்பாசமுத்திரம்வரை போய்விட்டது போல.

முதலில் காப்பி. குடித்தேன். அப்புறம் இளநீர், மரத்திலிருந்து அப்போதுதான் இறக்கியது. இளநீர் எனக்கு விஷம். பொட்டாசியம் அதிகம், இதயத்தை நிறுத்திவிடும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

ஆவுடை முந்திக்கொண்டாள். "அத்தை, அம்மாவுக்கு இளநீ ஒத்துக்காது."

பகவதியின் முகம் ஒரு விரல்கடை சுருங்கியது. "அப்படியா, எங்க வீட்டுதான் ஒத்துக்காதா, எல்லார் வீட்டுதுமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அவ கிடக்கா, கொண்டாங்க" என்று வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். இன்னொன்று வெட்டினார்கள். அதையும் குடித்தேன். பிறகு வாழைப்பழம், பாயசம். மதினி பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல மாணவியைப் பார்க்கிற டீச்சர் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மாடியில் ஆவுடையும் கைலாஷும் பத்து நிமிஷம் பேசினார்கள். இறங்கி வரும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அதற்கு இரண்டு இளநீர் என்ன, தோப்பையே குடிக்கலாம்.

கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. கார் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

கார் ஏசி இல்லை.

நேற்று விடியற்காலை படுக்க முடியவில்லை. படுத்தால் மூழ்குகிற மாதிரி இருந்தது. உட்கார்ந்தாலும் நெஞ்சுக்குள் கொதிக்கிற சத்தம். என்னுடைய முறை செவ்வாய்க்கிழமைதான், அதுவும் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி. மதினிக்குப் போன் செய்ய விரல் தேடியது. வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி மேஜையில் வைத்தார்.

"கிளம்பு."

"எங்க? ஊர் பார்க்குமே..."

"பார்க்கட்டும், நீ இருந்தாத்தான பார்ப்பான்." அன்றைய கோட்டாவில் பாதியை அவர் ஒரே தடவையில் செலவழித்துவிட்டார்.

ஆட்டோ பஜார் வழியாகப் போனது. காலை ஆறரை மணி. பால் வாங்குகிறவர்கள், பூக்காரிகள், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம், ராஜாமணி வேறு முழுக்கை ஜாக்கெட்டில். அத்தனை பேர் முன்னாலும் நைட்டியின் மேல் துண்டோடு, வாயைத் திறந்து மூச்சு இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

டெக்னீஷியன் ஜெபராணி ஓடி வந்தாள். சின்னப் பெண், கட்டையான குரல். "சார், இவங்கதானா? மூணாம் கட்டில் ரெடியாத்தான் இருக்கு" என்றாள் என் வீட்டுக்காரரிடம். அப்போதுதான் புரிந்தது டெட்டால். மூன்று வாரமாக இந்த மனுஷன் தினம் இங்கே வந்து உட்கார்ந்து, என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன கூடாது என்று கேட்டு நோட்டில் எழுதியிருக்கிறார். என் ரிப்போர்ட் எல்லாவற்றையும் இங்குள்ள டாக்டரிடம் காட்டி வைத்திருக்கிறார். என்னிடம் கேட்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் வாயை மூடினால்தானே நேரம் கிடைக்கும்.

டாக்டர் ஈசிஜி பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "என்ன குடிச்சீங்க?"

"இளநீ."

"எத்தனை?"

"ரெண்டு. மாப்பிள்ளை வீட்டுல..."

"மாப்பிள்ளை வீட்டுக்கு உங்க நெஞ்சு வேணுமாம்மா?"

ஒரு மணி நேரம் கழித்து மூச்சு தரைக்கு வந்தது. கண்ணைத் திறந்தால் பக்கத்து நாலாம் கட்டிலில் சோடாக் கம்பெனி செல்லப்பா.

"வாங்க தரகரம்மா. எப்பவாவது வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். இவ்வளவு எழுதியாகிவிட்டது, இதையும் எழுதிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்னால் அவர் மகளுக்குக் கடையநல்லூரிலிருந்து ஒரு இடம் வந்தது. அவர்கள் என்னிடம் விசாரித்தார்கள். நான்தான் சொன்னேன், 'அந்த மண்டபத்து ஜன்னல்ல போய்ப் பாருங்க, அப்பா வாரம் மூணு நாள் அங்கதான் கிடக்காரு' என்று. அந்தப் பையனை ஒரு மாதத்தில் வேறு இடத்தில் முடித்துவைத்தேன்.

"கடையநல்லூர்க்காரங்க கிட்ட நீங்க சொன்னது எனக்குத் தெரியும்" என்றார் செல்லப்பா, மெதுவாக.

நான் என் கையிலிருந்து மிஷினுக்குப் போகிற குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என் மவ பரீட்சை எழுதி இப்ப தாலுகா ஆபீஸ்ல இருக்கா. நல்லா இருக்கா. ஆமா, அந்தக் கடையநல்லூர் மாப்பிள்ளை இப்ப எப்படி இருக்கான்?"

"குடிக்கான்."

"எவ்வளவு?"

"எண்ணூறு மில்லிக்கு மேலயே இருக்கும்."

அவர் சிரித்த சிரிப்பில் அவருடைய மிஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. "ரெண்டு பேரும் சும்மா இருக்கீங்களா, ஊசி நகருது" என்று ஜெபராணி அதட்டினாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் சொன்னேன், "தப்புத்தான் அண்ணாச்சி." அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, போர்வையை என் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவிட்டார். ஏசி என் மேல்தான் நேராக அடித்தது.

பிப்ரவரி 11, புதன்

மூன்றாம் கட்டில், காலை ஆறு முதல் பத்து. ஜன்னலுக்கு வெளியே என்னைப் பார்க்க நின்றவர்கள் முப்பத்தொரு பேர். சில கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

ஆவுடை இரண்டு நாளாகப் பேசவில்லை. அளவு ஜாடியை மட்டும் டங்கென்று வைக்கிறாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

கட்டிலிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். பத்தேகால் மணிக்கு வீட்டில் இருந்தேன். சமைத்தேன்கூட.

ஜெபராணி சொல்கிறாள்: இதுவரை அவசரக் கேஸ் என்று எடுத்துக்கொண்டார்களாம். இன்சூரன்ஸ் இன்னும் திருநெல்வேலி மையத்தின் பெயரில் இருக்கிறது. இங்கேயே நிரந்தரமாக வேண்டுமென்றால் வரும் புதன்கிழமைக்குள் மாற்றல் படிவம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் கட்டில் வரிசையில் நிற்கிற வேறொருவருக்குப் போய்விடும்.

மத்தியானம் மதினி ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பகவதி பெருந்தன்மையான பொம்பளை வடிவு. எல்லாம் தெரிஞ்சும் பொண்ணு வேண்டாம்னு சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. அவ கொழுந்தன் மவளை உங்க பஜார்லதான் கட்டிக் குடுத்திருக்கு. அந்தக் கண்ணாடி ஜன்னல்ல நீ கிடக்கதைப் பார்த்தா அவிய சொந்தத்துல பேச்சு வருமாம். திருநெல்வேலிக்கே போயிக்கிடட்டும், அங்க யாரு பார்க்கப் போறா, கல்யாணம் முடிஞ்சு ஒரு பிள்ளை பொறக்கிற வரைக்கும்தான்ங்கா."

"ஒரு பிள்ளையா?"

"ரெண்டுன்னு சொல்லாம விட்டாளேன்னு இரு."

பிப்ரவரி 14, சனி

மறுபடி திருநெல்வேலிக்கே போவது என்று முடிவு செய்துவிட்டேன். பையை எடுத்து வைத்துவிட்டேன். போர்வை, பிஸ்கெட், பஸ்ஸுக்குச் சில்லறை. ஆவுடையிடமும் இவரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு பிள்ளை பிறக்கிறவரை என்றால் எப்படியும் இரண்டு வருஷம். வாரத்துக்கு மூன்று பயணம். தாங்கும். தாங்காவிட்டாலும் கல்யாணம்வரை தாங்கினால் போதும்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கினேன் என்று எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆவுடை பையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இது என்னம்மா?"

"கிளை ஆபீஸ்."

"பிச்சம்மா அத்தை வந்துட்டுப் போனாங்கல்லா, என்ன சொன்னாங்க?"

சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடைமேல் வைத்தாள்.

"கைலாஷ், உங்க அம்மா எங்க அம்மாவை எங்க டயாலிசிஸ் பண்ணச் சொல்லியிருக்காங்கன்னு தெரியுமா?"

"ம், தெரியும்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அம்மா ஒரு மாதிரி. கொஞ்ச நாள்தான ஆவுடை, அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாமே. உங்க அம்மாவுக்கு அங்க ஏசி எல்லாம் இருக்கே."

"போன திங்கக்கிழமை எங்க அம்மா செத்திருப்பாங்க. உங்க வீட்டு இளநீ."

"நான் குடிக்கச் சொல்லலியே."

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. நான் அறிவேன், எத்தனை பையன்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று 'அட்ஜஸ்ட்' என்று சொல்லியே தலை நரைக்கப்போகிற பையன். அப்படி ஐம்பது பேருக்காவது நான் கல்யாணம் செய்துவைத்திருப்பேன்.

ஆவுடை "சரி, வைக்கேன்" என்று வைத்தாள். பையைத் தலைகீழாகக் கொட்டினாள். பிஸ்கெட்டை எடுத்துப் பாதி தின்றாள். "அம்மா, நான் ஒண்ணும் கெட்டுப் போயிடல" என்றாள். பிறகு குளிக்கப் போனாள். அரை மணி நேரம் குழாய் திறந்தே இருந்தது. வாளி நிரம்பி வழிகிற சத்தம். ஒருத்திக்கு எண்ணூறு மில்லி அளந்து கொடுக்கிற வீட்டில் இவ்வளவு தண்ணீர் வீணாகிறதே என்று சத்தம் போட நினைத்தேன். போடவில்லை. கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களை எல்லாம் அப்புறம் வரச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 16, திங்கள்

கட்டிலில் இருந்தபடியே, வலது கையால், பகவதிக்கு நானே போன் போட்டேன். ஆறு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாரும் டிவி பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காதை என் பக்கம் வைத்திருந்தார்கள். செல்லப்பா அப்படிக்கூட நடிக்கவில்லை. திரும்பியே படுத்துக்கொண்டார்.

"நான் தப்பா ஒண்ணும் கேக்கலியே அக்கா" என்று ஆரம்பித்தாள் பகவதி. "உங்க நல்லதுக்கும் சேர்த்துத்தான். நாலு பேர் பார்க்க இப்படி..."

"பகவதி, மூடி வைக்கிறதுல இந்தப் பக்கத்துல என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சீக்கு, கோளாறு, ஓடிப்போனது, திரும்பி வந்தது, எல்லாத்தையும் மூடித்தான் பந்தி போட்டிருக்கேன். இது ஒண்ணை மூட என்னால முடியல. வாரம் மூணு நாள் ஒளிஞ்சு ஒளிஞ்சு போயிட்டு வந்தா ஒரு வருஷத்துல நான் போட்டோவுலதான் இருப்பேன். நான் இங்கதான் படுப்பேன். என் ஊர்ல, ஜன்னலுக்கு நேரா."

"அப்போ..."

"சம்பந்தம் வேண்டாம். நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்லிடுதேன்."

பிறகு, தரகுத் தொழிலில் நானே ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை எனக்கே ஒப்பித்தாள். "சரிக்கா. வெளியில கேட்டா ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிக்கிடுவோமா? ரெண்டு பேருக்கும் மரியாதையா இருக்கும்."

"அது வேண்டாம். ஒன்பது பொருத்தம் இருந்தது, நான்தான் பார்த்தேன். பொண்ணோட அம்மா டயாலிசிஸ் பண்ணுத இடம் பொருந்தலன்னு சொல்லுங்க. யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்லுவேன்."

போனை வைத்ததும் செல்லப்பா கேட்டார், "தரகரம்மா, உங்க மவ ஜாதகம் ஒரு காப்பி கிடைக்குமா? என் தங்கச்சி மவன் ஒருத்தன் இருக்கான்."

"முதல்ல அவனைப் பத்தி எதிர்த்த டீக்கடையில விசாரிக்கணும்."

"டீக்கடையே அவனுதுதான்."

சாயங்காலம் மதினி வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியே" என்றாள். ஆவுடை பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "மண்ணு இல்ல அத்தை, பொட்டாசியம்" என்றாள்.

மதினிக்குப் புரியவில்லை. எனக்கும் பாதிதான். ஆனாலும் எத்தனையோ நாள் கழித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும்.

பிப்ரவரி 18, புதன்

படிவத்துக்கு இன்று கடைசி நாள். ஊசி போடுவதற்கு முன்னாலேயே ஜெபராணி அட்டையில் செருகிக் கொண்டுவந்து நீட்டினாள். ஆவுடை ஸ்கூலுக்கு ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கம் கதவிலும் போகவில்லை.

பெயர்: செண்பகவடிவு. வயது: 53. தொழில் என்ற இடத்தில் வழக்கமாக 'இல்லத்தரசி' என்றுதான் எழுதுவேன். இன்று 'கல்யாணத் தரகர்' என்று எழுதினேன். இப்போதைய மையம்: திருநெல்வேலி. கோரும் மையம்: எழுதினேன். பேனா நன்றாக எழுதியது.

கடைசியில், 'மாற்றம் கோருவதற்கான காரணம்' என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி வெளிச்சத்தில் வைத்து எழுதினேன். வெளியே இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று பெரிய எழுத்தாகவே எழுதினேன்.

'வெட்கப்பட்டுக்கொண்டு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போக இனி என்னால் முடியாது.'

ஜெபராணி வாங்கி உரக்கப் படித்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்மா, இந்த இடத்துல மருத்துவக் காரணம்தான் எழுதணும்."

"இதுதாம்மா மருத்துவக் காரணம். சீல் குத்து."